இருபத்து மூன்றாவது கொப்பி

இருபத்திரண்டு கொப்பிகள் திரும்பி வந்தன. தெய்வானையின் கொப்பி மட்டும் வரவில்லை.

ஐந்தாம் ஆண்டில் இருந்ததே இருபத்து மூன்று பிள்ளைகள்தான். சுந்தரலிங்கம் சேர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக் கட்டுரைக் கொப்பிகளைக் கொடுத்தார். எல்லாம் கொடுத்து முடிந்ததும், மேசையில் இல்லாத தூசியைத் தட்டினார்.

“சேர், என் கொப்பி?”

“அது இன்னும் பார்க்கேல்லைப் பிள்ளை. இரு.”

பார்க்கவில்லையாம். மேசை லாச்சி சரியாக மூடவில்லை. இடுக்கில் அவளுடைய கொப்பியின் நீல அட்டை தெரிந்தது. உள்ளே சிவப்புப் பேனா செருகியிருந்தது. பார்க்காத கொப்பிக்குள் சிவப்புப் பேனாவுக்கு என்ன வேலை?

தெய்வானை சும்மா இருக்கிற ஆள் இல்லை. ஒரு விஷயம் மனதில் குத்தினால், அதைத் தோண்டி எடுக்கும்வரை அவளுக்குச் சோறு இறங்காது.

அது தொண்ணூற்றாறாம் ஆண்டு, வடக்கே போர் நடந்த காலம். யட்டவத்தைக்கு மேலே, ஊத்துமலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம். இரண்டு வருடமாக அங்கே அதிபர் ஒருவர்தான். ஐந்து வகுப்புக்கும் ஓடி ஓடிப் படிப்பித்தார். ஒரு வகுப்பில் கணக்கைத் தொடங்கி, அடுத்த வகுப்பில் விடையைச் சொன்னார். புலமைப்பரிசில் பரீட்சையில் ஒரு பிள்ளையும் சித்தியடையவில்லை. எப்படி அடைவது?

தை மாதத்தில்தான் யாழ்ப்பாணத்திலிருந்து சுந்தரலிங்கம் சேர் வந்தார். மெலிந்த ஆள். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து அறையில் தனியாகத் தங்கினார். “ஓம்” என்றார், “கதைக்காதை” என்றார். முதல் வாரம் முழுக்கப் பிள்ளைகள் அவர் பேசுவதைக் கேட்டுச் சிரித்தார்கள். அடுத்த வாரம் அவர் பாடத்தைக் கேட்கத் தொடங்கினார்கள்.

ஒருநாள் கரும்பலகையில் ஒரு சின்னக் கதை எழுதினார்.

‘அண்ணனும் தம்பியும் ஒரு குடையில் பள்ளிக்கூடம் போனார்கள். தம்பி நனையவில்லை. அண்ணனின் சட்டை வலது பக்கம் முழுக்க நனைந்திருந்தது. என்ன இது என்று ஆசிரியர் கேட்டார். மழை இன்றைக்கு ஒரு பக்கமாகத்தான் பெய்தது என்றான் அண்ணன்.’

“இந்தக் கதையின்ர கருப்பொருள் என்ன? கதை எங்களுக்கு என்னத்தைச் சொல்லுது?”

நூருன்னிஸா கையைத் தூக்கினாள். சந்தியில் கடை வைத்திருக்கும் ரவூப் நானாவின் மகள் அவள். வாய் சும்மா இருக்காது.

“பெரிய குடையா வாங்க வேணும் சேர்.”

வகுப்பு சிரித்தது. சேரும் சிரித்தார். பிறகு கேட்டார்: “எந்த வரியில இருக்கு?”

நூருன்னிஸா கரும்பலகையை மேலும் கீழும் பார்த்தாள். அப்படி ஒரு வரி இல்லை.

தெய்வானை எழுந்தாள். “அண்ணனுக்குத் தம்பி மேல பாசம் சேர்.”

“பாசம் எண்ட சொல்லே கதையில இல்லையே. எந்த வரியை வைச்சுச் சொல்லுறாய்?”

“சட்டை வலது பக்கம் நனைஞ்சிருந்துச்சில்ல, அந்த வரி. குடைய தம்பி பக்கமா புடிச்சிருக்கான்.”

சேர் அந்த வரியின் கீழே வெண்கட்டியால் கோடு இழுத்தார். “இதுதான் சான்று. சான்று இல்லாத கருப்பொருளை நான் எடுக்க மாட்டன்.”

அன்றிலிருந்து ‘எந்த வரி?’ பள்ளிக்கூடம் முழுக்கப் பரவியது. என் பென்சிலை நீதான் எடுத்தாய் என்று ஒருவன் சொன்னால், “எந்த வரி?” என்று மற்றவன் கேட்டான்.

அப்படிப்பட்ட சேர்தான் இப்போது கொப்பியை ஒளித்து வைத்திருக்கிறார்.

இடைவேளையில் அவர் தெய்வானையைக் கூப்பிட்டார். யன்னலை மூடிவிட்டுத்தான் பேசினார்.

“பிள்ளை, உன்ர கட்டுரையில எழுதினதெல்லாம் உண்மையோ?”

“ஆமா சேர். ‘என் அப்பாவின் வேலை’ன்னு நீங்கதானே எழுதச் சொன்னீங்க.”

“எத்தினை பேர் போறவை?”

“நாப்பது பேரு.”

“ஆர் பழக்கிறது?”

“பெரிய கங்காணிதான் காட்டிக் குடுப்பாரு. எங்கப்பாவுக்கு யாரும் பழக்க வேணாம் சேர். கத்தி புடிச்சாருன்னா ஒரே வெட்டு.”

சேர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். “இந்தக் கொப்பியை வேற ஆருக்கும் காட்டினனீயோ?”

“இல்ல சேர்.”

“காட்டாதை. இதைப்பற்றி வெளியில கதைக்கவும் வேண்டாம்.”

அவர் கொப்பியை லாச்சியிலிருந்து எடுத்து, அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார்.

வியாழக்கிழமை நூருன்னிஸா ஓட்டமாக வந்தாள்.

“அடியே, நேத்து வாப்பா சாமான் வாங்க மாத்தளைக்குப் போன. நம்மட சேர் பொலிசுக்குள்ள போறத கண்ணால கண்ட. முந்தின புதன்கிழமையும் கண்டயாம்.”

தெய்வானை கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தைக் கிழித்தாள். மேலே எழுதினாள்: கருப்பொருள், சேர் பொலிசுக்கு ஒற்றுச் சொல்லும் ஆள். கீழே சான்றுகளை எழுதினாள். கொப்பியைப் பூட்டி வைத்தார். எத்தனை பேர் என்று கேட்டார். வெளியில் கதைக்காதே என்றார். புதன்கிழமை தோறும் பொலிசுக்குப் போகிறார்.

“நாலு வரி இருக்கு” என்றாள். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்த நாட்களில் ‘ஒற்று’ என்ற சொல்லுக்கு, தோட்டத்து வீட்டு வரிசையான லயத்தில் இருந்த பயம் கொஞ்சமல்ல. இரண்டு மாதத்துக்கு முன்பு டவுனுக்குப் போன மூன்று பையன்களைப் பொலிஸ்காரர்கள் சும்மா பிடித்து வைத்து, ஒரு வாரம் கழித்துத்தான் விட்டார்கள். யார் சொன்னது, என்ன சொன்னது, இன்றுவரை தெரியாது. அதனால் எல்லோரும் எல்லோரையும் ஒரு கண்ணால் பார்த்தார்கள்.

பின்னேரம் தெய்வானை வீட்டில் அந்தத் தாளை வாசித்துக் காட்டினாள். அப்பா அழகமுத்து தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“எத்தன பேருன்னு கேட்டானா?”

“ஆமாப்பா. யாரு பழக்குறாங்கன்னும் கேட்டாரு.”

அவ்வளவுதான். விளக்கு வைப்பதற்குள் கதை லயத்தின் பத்து வீட்டையும் சுற்றி வந்துவிட்டது. சுற்றி வந்தபோது நாலு வரி பதினாலு வரி ஆகியிருந்தது. சேரின் அறையில் ரேடியோப் பெட்டி மாதிரி ஒன்று இருப்பதாக ஒருவர் சொன்னார். பார்த்தவர் யாரும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அப்பா சொன்னார்: “தலைவரு மனு எழுத டவுனுக்குப் போறாரு. நாளைக்கு அரைநாள் வேல முடிஞ்சதும் பெரட்டுக் களத்துல கைநாட்டு. அந்த ஆள இங்கிருந்து மாத்தணுமாம்.”

வேலைக்கு முன்பு ஆட்களைக் கூட்டிப் பெயர் பதிகிற இடம்தான் பெரட்டுக் களம். தலைவர் என்றால் சங்கத் தலைவர் பொன்னையா. இரண்டு வருடம் வாத்தியார் இல்லாதபோது யாரும் மனு எழுதவில்லை. இருக்கிற வாத்தியாரை அனுப்ப ஒரே நாளில் மனு தயார்.

“மாத்திட்டா நமக்கு யாருப்பா படிச்சுக் குடுக்கிறது?”

அப்பா கத்தியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று வகுப்பில் சேர் இன்னொரு விதியை எழுதினார்.

“ஒரு கருப்பொருளுக்குச் சான்று தேடினா மட்டும் போதாது. அதுக்கு எதிரா நிக்கிற வரி இருக்கோ எண்டும் தேட வேணும். எதிர்வரி இருந்தும் மறைச்சா, அது விடை இல்லை. பொய்.”

தெய்வானை தன் நாலு வரித் தாளை நினைத்தாள். அவள் எதிர்வரியே தேடவில்லை.

இடைவேளையில் நூருன்னிஸாவைப் பிடித்தாள். “சேர் பொலிசுக்குள்ள போனப்ப கையில என்னா இருந்துச்சி?”

“குடை.”

“கொப்பி?”

“வாப்பா குடை மட்டும்தான் கண்டயாம். அது கிழிஞ்ச குடைன்னும் சென்ன.”

ஒற்றுச் சொல்லப் போகிறவர் கொப்பியை அல்லவா கொண்டுபோக வேண்டும்? அவர் அதை இங்கே பூட்டிவைத்துவிட்டு, கிழிந்த குடையோடு போயிருக்கிறார். போன மாதம் பள்ளிக்கூடப் பாதையில் ஆமி ட்ரக் போனபோது அவர் கையில் வெண்கட்டி உடைந்ததும் நினைவுக்கு வந்தது. பொலிசின் ஆள் எதற்காகப் பயப்பட வேண்டும்?

எதிர்வரி இரண்டு. அப்படியென்றால் கொப்பியை ஏன் பூட்டினார்?

வகுப்பில் யாரும் இல்லை. சேரின் மேசையில் பள்ளிக்கூடத்தின் ஒரே அகராதி கிடந்தது. அதற்குள் ஒரு பஸ் டிக்கட் அடையாளமாக வைக்கப்பட்டிருந்தது. தெய்வானை அந்தப் பக்கத்தைத் திறந்தாள். ஒரு சொல்லின் கீழே சிவப்புக் கோடு.

‘கவாத்து: படைவீரர்க்கு அளிக்கும் பயிற்சி.’

அவள் அதை மூன்று தரம் வாசித்தாள். பிறகு, கொப்பியில் எழுதுமுன் தாளில் எழுதிப் பார்த்த கட்டுரையின் முதல் பிரதியைப் பையிலிருந்து எடுத்தாள். இந்த முறை சேரின் கண்ணால் வாசித்தாள்.

‘என் அப்பா காலை ஆறு மணிக்குப் பெரட்டுக்குப் போவார். அங்கே ஆட்களை எண்ணுவார்கள். இந்த மாதம் கவ்வாத்து நடக்கிறது. நாற்பது ஆண்கள் கத்தியைத் தீட்டிக்கொண்டு ஐந்தாம் நம்பர் மலைக்குப் போவார்கள். துரை சொன்னால் ஒன்றையும் விடாமல் வெட்டுவார்கள். என் அப்பா ஒரு நாளைக்கு இருநூறு வெட்டுவார். அவருக்குத்தான் முதல் இடம்.’

“ஐயையோ” என்றாள் தெய்வானை, சத்தமே வராமல்.

தோட்டத்தில் கவ்வாத்து என்றால் தேயிலைச் செடியை மட்டமாக வெட்டிவிடுவது. நாலு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். அது எல்லோருக்கும் தெரியும் என்பதால்தான், கட்டுரையில் எந்த இடத்திலும் அவள் ‘தேயிலை’ என்று எழுதவில்லை. யாழ்ப்பாணத்து ஆளுக்கு யார் சொன்னது?

அவள் சேரைத் தேடி ஓடினாள். அவர் தண்ணீர்க் குழாயடியில் நின்றார்.

“சேர், கவ்வாத்துன்னா...”

“அந்தச் சொல்லை இங்க எடுக்காதை.” அவர் அக்கம்பக்கம் பார்த்தார். “போ பிள்ளை, வகுப்புக்குப் போ.” கையைக்கூடக் கழுவாமல் நடந்துவிட்டார்.

சனிக்கிழமை மதியம் பெரட்டுக் களம் நிறைந்திருந்தது. கவ்வாத்து மலையிலிருந்து ஆண்கள் நேரே வந்திருந்தார்கள். இடுப்பிலும் கையிலும் கத்தி. நடுவில் ஒரு மேசை. மேசையில் மனு, பக்கத்தில் கைநாட்டுக்கு மைப்பெட்டி.

“ஒவ்வொருத்தரா வந்து விரல வைங்க” என்றார் தலைவர் பொன்னையா.

அழகமுத்து முன்னால் போனார். விரலை மையில் வைக்கப் போனவர் நிறுத்தினார். “என்னா எழுதியிருக்குன்னு தெரியாம எப்படிங்க தலைவரே வைக்கிறது? எம்மக வாசிக்கட்டும்.”

“சின்னப் புள்ள என்னத்த வாசிக்கப் போகுது?”

“நம்மள்ல யாரு வாசிக்கப் போறோம்?” என்றார் அழகமுத்து. யாரும் முன்வரவில்லை.

தெய்வானை மனுவைக் கையில் எடுத்தாள். எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தாள்.

“‘மேற்படி ஆசிரியர் மிகவும் சந்தேகத்துக்கு இடமானவர். இது யாவரும் அறிந்ததே. ஆகவே இவரை உடனடியாக இடமாற்றித் தருமாறு தாழ்மையுடன் கேட்கிறோம்.’ அவ்வளவுதான் இருக்கு.”

“சரி, வாசிச்சிட்ட இல்ல. கொண்டா.”

“இதுல கருப்பொருள் இருக்கு தலைவரே. சான்று இல்ல.”

“என்னாது இல்ல?”

“சந்தேகம்னு எந்த வரிய வச்சுச் சொல்றீங்க?”

“யாவரும் அறிந்ததேன்னு போட்டிருக்கே.”

“யாவரும் யாரு? நான்தான். நான் அப்பாகிட்ட சொன்னேன். அப்பா பக்கத்து வீட்டுல சொன்னாரு. அப்படியே சுத்தி உங்ககிட்ட வந்திருக்கு. அந்த ரேடியோப் பெட்டிய யாரு பார்த்தீங்க?”

ஒருவரும் கையைத் தூக்கவில்லை.

தெய்வானை சட்டைப் பையிலிருந்து கட்டுரையின் முதல் பிரதியை எடுத்தாள். “அகராதியில கவாத்துன்னா பட்டாளத்துக்குக் குடுக்கிற பயிற்சின்னு இருக்கு. அத மனசுல வச்சுக்கிட்டுக் கேளுங்க.” வாசித்தாள். ‘கத்தியைத் தீட்டிக்கொண்டு’ வந்தபோது ஒருவர் செருமினார். ‘இருநூறு வெட்டுவார், அவருக்குத்தான் முதல் இடம்’ வந்தபோது களமே வெடித்துச் சிரித்தது.

அழகமுத்து மட்டும் சிரிக்கவில்லை. “இது பொலிஸ் கையில கெடச்சிருந்தா?” என்றார் மெதுவாக. சிரிப்பு அடங்கியது.

“ஆனா பொலிசுக்கு எதுக்குப் போறான்?” தலைவர் விடவில்லை.

“அது எனக்கும் தெரியாது. அவரக் கேட்டீங்களா?”

யாரும் கேட்டிருக்கவில்லை. ஒருவரை அனுப்பிச் சேரை அழைத்து வந்தார்கள்.

பாவம் அவர். களத்தின் வாசலில் வந்து நின்றார். நாற்பது ஆண்கள். நாற்பது கத்திகள். அவருடைய முகம் சுண்ணாம்பு பூசியதுபோல ஆனது. திரும்பி ஓட நினைத்திருப்பார். ஆனால் தெய்வானையைக் கண்டதும் நேரே அழகமுத்துவிடம் வந்தார்.

“ஐயா, பிள்ளைக்கு ஒண்டும் தெரியாது. அது எழுதினதை நான் ஒருத்தருக்கும் காட்டேல்லை. பூட்டி வைச்சிருக்கிறன். என்ன செய்யிறதெண்டாலும் என்னோட கதையுங்கோ. பிள்ளையை ஒண்டும் சொல்லாதையுங்கோ.”

தெய்வானைக்கு ஒரு பக்கம் முழுக்க நனைந்த சட்டை நினைவுக்கு வந்தது. எந்த வரி என்று இனி யாரும் கேட்க வேண்டியதில்லை.

“சேர்” என்றாள். “பொலிசுக்கு எதுக்குப் போறீங்க?”

“நான் யாழ்ப்பாணத்து அடையாள அட்டைக்காரன் எல்லோ. புதன்கிழமை தோறும் போய்க் கையெழுத்துப் போட வேணும். போகாட்டித் தேடி வருவினம்.”

பெண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பிடித்து வைக்கப்பட்ட மூன்று பையன்களில் ஒருவனின் அம்மா, “நம்ம புள்ளைங்க மாதிரிதான் இந்தப் புள்ளயும்” என்றாள்.

அழகமுத்து களத்தின் ஓரத்துக்கு நடந்தார். அங்கே ஒரு கிழட்டுத் தேயிலைச் செடி நின்றது. கத்தியை ஒரு சுழற்று. கிளை சரிவாக, வழுவழுவென்று அறுந்து விழுந்தது.

“இதுதாங்க சேரு கவ்வாத்து.”

சேர் செடியைப் பார்த்தார். கத்தியைப் பார்த்தார். தெய்வானையைப் பார்த்தார். “தேயிலையோ?” என்றார்.

“தேயிலதான்.”

“இருநூறும் தேயிலையோ?”

“பின்ன என்னாத்த வெட்டுவாங்கன்னு நெனச்சீங்க?”

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று கொஞ்ச நேரம் யாருக்கும் தெரியவில்லை. சிரிக்கத்தான் செய்தார். அழகமுத்து கத்தியை அவர் கையில் கொடுத்தார். சேர் ஓங்கி ஒரு வெட்டு வெட்டினார். கிளை அசையவில்லை, அவருடைய மூக்குக்கண்ணாடிதான் கழன்று விழுந்தது.

“படிப்பிக்கிற வேலையே செய்யுங்க சேரு” என்றார் யாரோ. “இங்க ஒரு நாளைக்கு ஒண்ணுகூடத் தேறாது.”

தலைவர் பொன்னையா மனுவை நாலாக மடித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, விரித்து மறுபக்கத்தைத் திருப்பினார். மறுபக்கம் வெறுமையாக இருந்தது.

“மைப்பெட்டி காய்றதுக்கு முந்தி வேற ஒண்ணு எழுதுவமா? கணக்குக்கு ஒரு வாத்தியார் கேப்போம்.”

“சான்றோட எழுதணும்” என்றாள் தெய்வானை.

“நீயே எழுது தாயே.”

அவள் எழுதினாள். ஐந்து வகுப்பு, ஆசிரியர் இருவர். புலமைப்பரிசிலில் இதுவரை சித்தியடைந்தோர் எவருமில்லை. அறுபத்தேழு கைநாட்டு விழுந்தது. கையெழுத்து ஒன்று. அது சுந்தரலிங்கம் சேருடையது.

திங்கட்கிழமை இருபத்து மூன்றாவது கொப்பி திரும்பி வந்தது. கட்டுரையின் கீழே சிவப்பில் எழுதியிருந்தது: ‘நல்ல கட்டுரை. ஆனால் எந்த வரியிலும் தேயிலை இல்லை. ஒரு புள்ளி குறைத்துள்ளேன்.’

தெய்வானை பென்சிலை எடுத்து அதன் கீழே எழுதினாள்: ‘என்னிடம் கேட்காமல் அகராதியை மட்டும் பார்த்த சேருக்கு எத்தனை புள்ளி குறைக்கலாம்?’

மறுநாள் கொப்பியைத் திறந்தாள். சிவப்புப் பேனா ஒரே ஒரு வரி எழுதியிருந்தது.

‘பத்து. நீ எனக்கு எதிராக எழுதிய அந்தத் தாளுக்கும் பத்து.’

தாள் விஷயம் அவருக்கு எப்படித் தெரியும்? தெய்வானை மெல்லத் திரும்பிப் பார்த்தாள். நூருன்னிஸா மிகவும் அக்கறையாக யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.